மாதா கண்ணில் இறங்கிய சாயம்

அவர் கையைப் பார்த்தே அந்த வாரம் ஆரணியில் எந்த நிறத்துப் புடவை தறியில் ஏறப்போகிறது என்று சொல்லிவிடலாம். முழங்கைவரை அரக்கு ஏறியிருந்தால் கல்யாண மாதம் வருகிறது. மயில்கழுத்து என்றால் வெளியூர்க் கடைக்காரர் யாரோ சரக்குக் கேட்டிருக்கிறார். சோப்புக்கும் மண்ணுக்கும் போகாத நிறம். கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போது இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார்.

"ஆண்டவர் முன்னாடி கலர் கையோட நிக்கறது ஒரு மாதிரியா கீதும்மா" என்பார்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். சேவூர் போகும் பாதையில் எங்கள் தெரு. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் சாயக்கார அண்ணன், எனக்கும் அப்படித்தான். பெயரை எழுத மனம் வரவில்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி இன்னும் இருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள், ஜெபப் புத்தகம் தவிர அதிகம் வாசித்தவளும் இல்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

தப்பான நிறத்தைச் சரி என்று அவர் விடவே மாட்டார். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடைக்காரர் ஒரு துண்டு நூலைக் கொடுத்து, இதே நிறம் வேண்டும் என்பார். அண்ணன் செப்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு, சாயப்பொடி போட்டு, ஆசிட் ஊற்றி, மூங்கில் கழியில் மாட்டிய நூலைப் புரட்டிப் புரட்டி எடுப்பார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "போதும்பா, அருமையா வந்திருக்கு" என்பார். அண்ணன் நூலை வெயிலுக்குக் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "இல்லீங்க. இது அது இல்ல" என்று மறுபடி அண்டாவில் இறக்கிவிடுவார். இதனால் என் வீட்டுக்காரர் தறியில் பாவு ஏற்றாமல் காத்துக் கிடந்த நாட்கள் உண்டு.

"அண்ணா, கட்டப்போற பொம்பளைக்கே தெரியாது. நீ ஏன் பேஜார் பண்றே?" என்பார்.

"நூலுக்குத் தெரியும்டா."

அண்ணி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொள்வார். "கொழம்புல மஞ்சத்தூள் போட்டா எட்டிப் பாக்கறாரு தங்கச்சி. ருசி எப்டின்னு கேக்கமாட்டாரு. கலரு எறங்கலன்றாரு. இந்த ஆளுக்கு ஆக்கிப் போட்டு என் பாதி உசுரு போச்சி."

இப்படிப்பட்டவர் நாற்பத்தைந்து வயதுவரை ஒரு கோடு வரைந்ததில்லை. வரைய வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

போளூர்ப் பக்கத்துத் திருமலைக்குப் போய் வந்ததுதான் ஆரம்பம். அண்ணனிடம் நூல் கொடுக்கும் சமணர் ஒருவர், தங்கள் மலைக்கோயிலில் ஒரு விசேஷம் என்று குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். நாங்கள் வேறு வேதக்காரர்கள். இருந்தாலும் மரியாதைக்குக் கூப்பிட்டவரை மதிக்க வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் போனோம். சாப்பாடெல்லாம் முடிந்தபின் அங்கிருந்த ஒருவர் எங்களைக் குகைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பாறையில் பழைய சித்திரங்கள். அங்கங்கே உதிர்ந்து, மங்கி, ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன், கால் வலிக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன். அண்ணன் வரவில்லை. அண்ணி போய்க் கூப்பிட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரர் போய் இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

"இந்தக் கலர இன்னா போட்டு நிக்க வெச்சாங்க?" என்று அந்த மனிதரை அண்ணன் கேட்டாராம்.

"அது யாருக்குங்க தெரியும். அந்தக் காலத்துது."

பேருந்து ஆரணிக்குக் கிட்டத்தில் வரும்போது அண்ணன் சொன்னார். "பாத்தியாடா? செவப்பும் பச்சையும் ஒண்ண ஒண்ணு தொட்டுகினு கீது. சண்ட போடல."

இதில் என்ன பெரிய விஷயம் என்று நாங்கள் நினைத்தோம். பிறகுதான் புரிந்தது. சாயக்காரனுக்கு ஒரு நிறம் இன்னொரு நிறத்தைத் தொட்டால் நூல் பாழ். அவர் வாழ்நாளெல்லாம் நிறங்களைத் தனித்தனி அண்டாவில் பிரித்து வைத்தே பிழைத்தவர். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மறுநாளே அண்ணி வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு சேவல் நின்றது. அண்டாவில் மிஞ்சிய சாயத்தண்ணீரை எடுத்து, தென்னை மட்டை நாரை நசுக்கி, அதையே பிரஷாக வைத்து வரைந்திருந்தார். சேவலுக்குக் கால் சரியில்லை. ஆனால் அந்தக் கழுத்து! திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அண்ணி கத்தினார். அவர் காதில் விழவில்லை. அடுத்து கொய்யா மரம் வந்தது, ஆடு வந்தது. அப்புறம் ராட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்திருக்கும் அண்ணியின் முதுகு. அந்த முதுகைப் பார்த்துத்தான் அண்ணி வாயடைத்தார். "நான் இவ்ளோ களைச்சிப் போயா இருக்கறேன்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

தெருவுக்கு நல்ல வேடிக்கை. "அண்ணே, எங்க எருமைக்கு ஒரு வாடாமல்லி போட்டு உடு, சந்தையில வெல போவும்" என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "கூட்டிகினு வா, மொதல்ல குளிப்பாட்டு" என்பார்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் இல்லை. பட்டுக்குப் போடும் சாயம் சுண்ணாம்புச் சுவரில் நிற்குமா? வாசல் வெயில் பட்டு, சேவல் வெளுத்தது. கொய்யா மரம் திட்டுத் திட்டாகப் போயிற்று. அண்ணியின் முதுகு ஒரு கறை போல ஆகிவிட்டது. அவர் வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்தார். அரிசிக் கஞ்சி, படிகாரம், முட்டை வெள்ளைக்கரு, எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்று கொஞ்ச நாள் நிற்கும், பிறகு போய்விடும்.

"கடையில டப்பா பெயிண்ட் விக்கிதே, வாங்கி அடி" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது பஸ்ஸுக்கு அடிக்கற கலருடா. மொகத்துக்கு அடிக்கலாமா? எனக்கு ஓணும்ன்ற கலரு என் பொடியிலதான் வருது."

இதுதான் அவர் செய்த தப்பு. வேறு யாராக இருந்தாலும் பெயிண்ட் வாங்கியிருப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பொடியைக் கலந்து நினைத்த நிறத்தைக் கொண்டுவந்த கை, அதை விட்டு வேறொன்றை நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் அண்டா அடுப்பின் முன் குந்தியிருந்தார். நான் நூல் வாங்கப் போயிருந்தேன். நெருப்பில் காட்டுவதுபோல் கைகளை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிட்டில் வெந்து விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

"நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் இது என் கைக்குள்ளயே இருந்திருக்கு தங்கச்சி. எனக்கே சொல்லல. இப்ப வந்து வெளிய உடு, வெளிய உடுன்னு குத்துது. கண்ணு மங்குது. கையும் வெந்து போச்சி. எதப் போட்டாலும் நிக்கமாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஜெபம் பண்ணுங்கண்ணா" என்றேன்.

"பண்ணிகினுதான் கீறேன்" என்றார்.

அந்த வருஷம் எங்கள் தெருக்கோடியில் சின்னக் கோயில் ஒன்று கட்டி முடித்திருந்தோம். மகனைப் பறிகொடுத்த வியாகுல மாதாவின் கோயில். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் சாவி வைத்திருந்து ஜெபம் நடத்துவார். நல்ல மனிதர், குரல் கொஞ்சம் பெரிசு. பீடத்துக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. அண்ணன் சாமியாரிடம் போய், துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு, திருநாளுக்குள் அங்கே மாதாவை வரையட்டுமா என்று கேட்டார். சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வரை" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். நீ கோச்சிக்கக் கூடாது."

"கேக்காதீங்கன்னு சொல்லிகினே வந்தேன்" என்றார் அண்ணி.

"மாதாவுக்கு மொகம் வரமாட்டேங்குது. படத்தப் பாத்துப் போட்டேன். சோப்பு டப்பாவுல இருக்கற பொம்பள மாதிரி கீது. புள்ளயப் பொதச்ச மொகமா அது?" துண்டுக்குள் கையைச் சுருட்டிக்கொண்டார். "அன்னிக்கு நான் பொட்டியத் தூக்கிகினு முன்னாடி போனேன். குழிகிட்ட வந்து திரும்பினேன். உன் மொகம்... அத நான் மறக்கலம்மா."

என் முதல் பெண் காய்ச்சலில் போனாள். நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. சின்னக் குழந்தையின் பெட்டியை நாலு பேர் தூக்க மாட்டார்கள். ஒரே ஆள் இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். அன்று ஏந்தியவர் அவர். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி, அதன்மேல் கிளிப்பச்சையாக இரண்டு கைகள். அந்த நாளில் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர், "மாதாவுக்கு இவ மொகமா? ஒருநாள் இவ கோவத்தப் பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்று சிரிக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பாவமில்லையாண்ணா?" என்றேன்.

"அவங்களும் பெத்து, பொதச்சவங்கதானேம்மா."

நான் போய் உட்கார்ந்தேன். அண்ணி என் பக்கத்திலேயே இருந்தார். பேச்சு எப்படியோ அந்தக் குழந்தைமேல் போய்விட்டது. என் கண் நிறைந்ததும் அண்ணன் கையை ஆட்டினார்.

"அழுவாத. அழுதா மொகம் மூடிக்கும். அழறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குதே, அது ஓணும் எனக்கு."

அதைத்தான் அவர் வரைந்தார். திருநாள் அன்று மெழுகுவத்தி ஏற்றியதும் எல்லாரும் பீடத்துப் பக்கம் நெருங்கினார்கள். நீல முக்காடு, அதற்குள் அந்த முகம். கண் வறண்டு, வாய் லேசாகத் திறந்து, இப்போதுதான் சேதி கேட்டவள் போல. என் பக்கத்தில் நின்ற பெண், "எங்கியோ பாத்த மொகமா கீதே" என்று என்னிடமே கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமா, பயமா, ஆறுதலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாரும் அண்ணனைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். அவர் பின்னால் நின்று கண்ணைச் சுருக்கினார். "கண்ணு இல்ல அது. கிட்டத்துல வந்துட்டேன். ஆனா அது இல்ல." திருநாள் முடிந்த பிறகும் தினமும் போய்க் கண்ணில் மட்டும் கை வைத்தார். ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. அரக்கும் நீலமும் பச்சையும் கலந்து ஒரு கறுப்பு உண்டாக்கி, அதை வஜ்ஜிரத்தில் குழைத்து வைத்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் அண்டா ஆறிப்போகும். ஒருமுறை ஒரு கட்டு நூலே கெட்டது. அவர் கையில் நூல் கெட்டது என்று அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ராப்பகலாக விடாத மழை. கோயில் பின்சுவர் வயல் பக்கம், சாரல் முழுக்க அதன்மேல்தான். ஒரு காலையில் உபதேசியார் கதவைத் திறந்தவர் அலறிக்கொண்டு மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். தெரு முழுக்க நனைந்துகொண்டு ஓடினோம்.

மாதாவின் இரண்டு கண்ணிலிருந்தும் சிவப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. கன்னம் தாண்டி, தாடை தாண்டி.

எல்லாரும் முழங்காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். ஆண்டவரால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

பட்டறையிலிருந்து அண்ணன் கையில் கழியோடு அப்படியே வந்தார். பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ, வஜ்ஜிரம் ஊறிப்போச்சி" என்றார். "வெலகுங்க, வெலகுங்க. கறுப்பு எறங்கினா மொதல்ல செவப்புதான் ஓடும். இப்பவே ஒத்தி எடுத்தா காப்பாத்திடலாம்."

"இன்னா பேசறே?" உபதேசியார் குறுக்கே வந்தார். "மாதா ரத்தக் கண்ணீர் வுடறாங்க. நீ சாயம்ன்றே?"

"அழலீங்க. ஒழுகுது. நான் அழாத மாதாவப் போட்டேன் உபதேசியாரே! அழாத மாதாவ!"

அவர் பீடத்தின் பக்கம் போகப் போக, இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவிட்டார்கள். அடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பிடித்த பிடி பலமாக இருந்தது.

ஜனம் வர ஆரம்பித்தது. போளூர், கலசப்பாக்கம் பக்கமிருந்தெல்லாம் பேருந்தில் வந்தார்கள். எந்த மதம் என்று இல்லை, எல்லாரும். சாமியார் வந்து பார்த்துவிட்டு, "பிஷப் விசாரிச்சு சொல்றவரைக்கும் யாரும் இத அற்புதம்னு சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஜனம் அதில் அற்புதம் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அண்ணன் தினம் கோயில் வாசலில் நிற்பார், பிரஷும் பஞ்சும் துண்டுக்குள். "ஒரே ஒரு தரம் உள்ள வுடுங்க. கன்னம் கெட்டுகினு போவுது" என்று கெஞ்சுவார். தன் கையால் வரைந்த மாதாவையே மறுதலிக்கிறான், பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். கோடுகள் அகலமாகிக்கொண்டே போயின. அவர் அத்தனை நாள் பாடுபட்ட அந்த வறண்ட பார்வை, நாளுக்கு நாள் கரைந்து, சும்மா அழுகிற ஒரு பெண்ணின் முகமாக ஆகிக்கொண்டிருந்தது. அதை வாசலில் நின்றே அவர் பார்த்தார்.

அப்புறம் ஒருநாள் ஒரு பெண், கண் வீங்கிய குழந்தையோடு வந்தாள். துணி நுனியைச் சுவரில் ஒழுகிய ஈரத்தில் ஒற்றி, குழந்தையின் கண்ணில் வைத்தாள். அதைப் பார்த்து எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள்.

அண்ணன் போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. "அது பட்டுக்குப் போடற சாயம்மா! கண்ணுல வெக்காதீங்க! என் கையப் பாருங்க, என் கையப் பாருங்க!" துண்டை உதறிவிட்டு வெடித்த கைகளை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டினார். பெண்கள் பயந்து குழந்தைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். இப்படிப்பட்ட கை மாதாவைத் தொட்டதே பாவம் என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணன் உபதேசியாரின் காலைப் பிடித்தார். "விசுவாசம் இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை, அப்படியே நம்பினார். மறுநாள் அந்தக் குழந்தையின் கண் சுத்தமாக மூடிக்கொண்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சேதி வந்தது. அன்றும் வரிசை குறையவில்லை.

அதற்குப்பின் அவர் என்ன ஆனார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கேயும் சாயப்பட்டறை வேலைதான். சில வருஷம் கழித்து அண்ணியைப் பார்த்தபோது, அண்ணன் ஏதாவது வரைகிறாரா என்று கேட்டேன். "வாசல்ல நான் கோலப்புள்ளி வெச்சாக்கூட வேற பக்கம் பாத்துகினு தாண்டிப் போறாரு" என்றார். அவர் இறந்ததும் அங்கேதான்.

அந்தக் குழந்தையின் சேதி வந்த அன்று அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அழிச்சிடப் போறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் பயந்துபோனார். "கொன்னே போட்டுடுவாங்கண்ணா. கொஞ்ச நாள் பொறு. மழ வுட்டா ஜனமும் வுட்டுடும்."

"அதுக்குள்ள எத்தினி புள்ளைங்க கண்ணுடா?" சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்தார். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "இன்னும் கொஞ்சம் வெய்யில் அடிச்சிருந்தா அந்தக் கண்ண முடிச்சிருப்பேன் தங்கச்சி. கிட்டத்துல வந்துட்டேன். எனக்கு அது ஒரு தரம்தான் வந்துச்சி. இனிமே வராது. எனக்குத் தெரியும், வராது."

பட்டப்பகலில்தான் போனார். உபதேசியார் சாப்பிடப் போயிருந்தார், கூட்டமும் மழைக்கு ஒதுங்கியிருந்தது. சுண்ணாம்பு வாளியோடு அவர் முன்னால், அண்ணியும் நானும் என் வீட்டுக்காரரும் பின்னால். அவர் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மட்டையைத் தோய்த்து ஒரே மூச்சில் அடித்தார். முக்காடு போயிற்று. முகம் போயிற்று. சாம்பல் நிறத்தில் ஈரச் சுவர்.

அண்ணி மூச்சை விடுவதற்குள் அது திரும்பி வந்தது. சுண்ணாம்பு காயக் காய, முதலில் ஒரு இளஞ்சிவப்பு. பிறகு கண் இரண்டும். சாயம் ஊறி மேலே வந்துவிட்டது. அவர் மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

"போயேன்" என்றார் சுவரைப் பார்த்து. "நில்லுன்னு எத்தினி நாள் கெஞ்சினேன், நின்னியா? இப்ப போன்னா போவ மாட்டேன்றியே. போயேன் தாயே!"

வாசலில் யாரோ பார்த்துவிட்டார்கள். "மறைக்கப் பாத்தான், மாதா திரும்பி வந்துட்டாங்க!" என்ற கூச்சல் தெருவெல்லாம் போயிற்று. ஜனம் ஓடி வந்தது. அண்ணி வாசலில் இரண்டு கையையும் அகல விரித்து நின்றுகொண்டார். வாழ்நாளெல்லாம் அவரைத் திட்டிய அண்ணி. "என்ன மிதிச்சிட்டுப் போங்கடா. எம் புருசன் போட்டது, எம் புருசன் அழிக்கறாரு. எவன் கேக்கறது?" என் வீட்டுக்காரரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

மூலையில் கொத்தனார் விட்டுப்போன உளியை அண்ணன் எடுத்தார். முக்காட்டிலிருந்து காரையைக் கொத்த ஆரம்பித்தார். தோள் போயிற்று, நெற்றி போயிற்று. கண்ணுக்கு வந்ததும் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொத்துங்கண்ணா" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. கொத்துங்க."

செங்கல் தெரியும்வரை கொத்தினார். காரை நீலமும் சிவப்புமாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. அண்ணியைத் தள்ளிக்கொண்டு ஜனம் உள்ளே வந்தபோது சுவரில் ஒன்றும் இல்லை. உபதேசியார் எச்சில் கையோடு ஓடி வந்தவர், தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அண்ணன் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். அவர் திரும்பவில்லை. அவர் கண் தரையில் இருந்தது.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், குனிந்து குனிந்து நிறம் ஒட்டிய காரைத் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முழங்காலிட்டு அவளிடம் நகர்ந்து போனார்.

"குடும்மா. தாயே, குடுத்துடு. மருந்து இல்லம்மா அது."

அவள் அவரைப் பார்த்து மிரண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை உதறிவிட்டாள். குழந்தையின் மூடிய கைக்குள் ஒரு துண்டு இருந்தது. அண்ணன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. துண்டை எடுத்து எறிந்தார். உள்ளங்கையில் நீலம் ஒட்டியிருந்தது. தன் துண்டால் துடைத்தார், போகவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே குழாயடிக்கு ஓடினார். மழையில் நின்று, அந்தச் சின்னக் கையைக் குழாய்க்குக் கீழே பிடித்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் குழந்தை வீரிட்டு அழுதது. தாய் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் குழாயை மூடவில்லை. அவர் கையிலிருந்தும் அன்று நீலம்தான் ஓடியது. அது நிற்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து நின்றார். அண்ணி போய் அவர் தலையில் முந்தானையைப் போர்த்தும்வரை அப்படியே நின்றார்.